சேறு அள்ள இளைஞர்கள் எதற்கு?

கதிரவன்:
பேரிடர் நடந்த இடத்துக்கு இளைஞர்கள் படம் எடுக்கத்தான் ஓடி வருகிறார்கள், சேற்றை இயந்திரம் அள்ளிவிடும் என்று சிவராமன் எழுதியிருக்கிறார். படித்ததும் வயிறு எரிந்தது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் தரைக்கடியில் இருந்த ஈரமணல் குழம்பாகி, தெருவெல்லாம் பொங்கி நின்றது. அதை வாரியவர்கள் ஆயிரக்கணக்கான மாணவர்கள். கையில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும்தான்.

சிவராமன்:
மண்வெட்டியால் ஒரு நகரத்தையே துடைத்துவிட்டார்களாக்கும்! தெருவோரம் குவித்ததை ஊருக்கு வெளியே கொண்டுபோனது லாரி, தம்பி.

கதிரவன்:
குவித்தது யார்? இயந்திரம் வாசலோடு நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சேற்றுக்கு மண்வெட்டிதான் வேண்டும். நான் அள்ளியிருக்கிறேன். முதல் நாள் கூழாக வரும். காயவிட்டால் கொத்தித்தான் பெயர்க்க வேண்டும்.

மாலினி:
சரி, அள்ளுங்கள். பூட்ஸ், கையுறை எங்கே? ஆணி குத்திக்கொண்டு டெட்டனஸ் ஊசிக்கு வந்து நின்ற பிள்ளைகளுக்கு நான்தான் கட்டுப் போட்டேன். ஜப்பானில் 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் தன்னார்வலர்கள் வந்தார்கள். பலருக்கு அதுதான் முதல் தடவை. வருகிறவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டாமா?

கதிரவன்:
அக்கா, நான் கேட்டது கையுறையை அல்ல, மண்வெட்டியை. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது, தேசிய நூலகத்தின் அடித்தளத்திலிருந்து புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று பெயரே வந்தது.

சிவராமன்:
அங்கே அள்ளியது புத்தகம். வீட்டுச் சேறு அல்ல. பேச்சை மாற்றாதீர்கள், தம்பி.

கதிரவன்:
புத்தகம் கிடந்ததே சேற்றில்தான்! அப்புறம், இந்தத் ‘தம்பி’ வேண்டாம். கிழிந்த துணிகளை மூட்டை கட்டி அனுப்பாதீர்கள் என்று போன வருடம் சொன்னபோதும் இதே ‘தம்பி’ போட்டுத்தான் என் வாயை அடைத்தீர்கள்.

சிவராமன்:
இன்னும் அந்த மூட்டையை இறக்கவில்லையா? நான் கொடுத்தது துவைத்து மடித்த துணி.

கதிரவன்:
பிரித்தவன் நான். பாதிக்குப் பொத்தானே இல்லை.

மாலினி:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

கதிரவன்:
இருங்கள் அக்கா. சிவராமன், வீட்டுக்குள் கிடந்த சேற்றை எந்த இயந்திரம் அள்ளியது?

சிவராமன்:
சின்ன இயந்திரங்களும் இருக்கின்றன.

கதிரவன்:
கட்டிலுக்கு அடியில் போகுமா?