மறு: ஆய்வகத்தில் வளரும் இறைச்சிக்குத் தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். நான் முன்வைக்கும் சொல் 'திசு இறைச்சி'. காரணங்களைச் சொல்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

முதலில், பொருள் என்ன என்பதில் தெளிவு வேண்டும். உயிருள்ள மாட்டிலிருந்தோ கோழியிலிருந்தோ சிறு துணுக்குத் தசையை எடுத்து, அதிலுள்ள குருத்தணுக்களை (பெருகித் தசையாக மாறக்கூடிய உயிரணுக்களை) பிரித்து, சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம் கலந்த கரைசலில் உடல் சூட்டிலேயே வைத்துப் பெருக்குகிறார்கள். மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் போஸ்ட் 2013 ஆகஸ்டில் லண்டனில் அறிமுகப்படுத்திய பர்கர் இப்படி வந்ததுதான். அந்த ஒரு பர்கருக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் இப்படி வளர்த்த கோழிக்கறியை விற்க அனுமதித்தது. உலகில் அதுதான் முதல் அனுமதி. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள நாட்டில் தட்டுக்கு வந்துவிட்ட பண்டம் இது. அதனால் பெயர் இப்போதே வேண்டும்.

> செயற்கை இறைச்சி என்றே சொல்லலாமே?

சோயா உருண்டைக்கு வேண்டுமானால் அது பொருந்தும். இதில் இருப்பது உண்மையான விலங்குத் தசை. சைவம் சாப்பிடுகிறவர் 'செயற்கை' என்பதைப் பார்த்துத் தாவரப் பண்டம் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. 'இறைச்சி என்ற சொல்லே வேண்டாம்' என்ற நண்பருக்கும் இதுதான் என் பதில். அப்புறம், 'ஆய்வக இறைச்சி' ஆராய்ச்சிக் கட்டத்துக்குச் சரி. விற்பனைக்கு வரும்போது அது வளர்வது ஆலையில், பெரிய எஃகுக் கலன்களில்.

'வளர்ப்பு இறைச்சி' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீன் கடையில் 'இது வளர்ப்பு விரால், அது ஏரி விரால்' என்கிறோம். வளர்ப்பு என்றாலே பண்ணையில் தீனி போட்டு வளர்த்து அறுப்பதுதான் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வருவதற்கு நேர் எதிர்.

> ஆங்கிலத்தில் ஒரு சாரார் சொல்வதைப் போல, தூய இறைச்சி

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 'சுத்த சைவக் குடும்பத்துக்கு மட்டும்' என்று வாடகைப் பலகை தொங்கும் ஊரில் வாழ்கிறோம். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து மனிதரைத் தள்ளி நிறுத்த இங்கே பயன்பட்ட சொல் அது. ஒரு கறியைத் தூயது என்றால் மற்ற கறி அசுத்தம், அதை அறுப்பவரும் உண்பவரும் அசுத்தம் என்றாகிவிடும். விலங்கின் மீது இரக்கம் கேட்கும் ஓர் இயக்கத்துக்கு இந்தச் சுமை எதற்கு? ஆங்கிலத்தில் அதைப் பரப்பியவர்களே 2019 வாக்கில் வேறு சொல்லுக்கு மாறிவிட்டார்கள்.

'கொல்லா இறைச்சி' நல்ல மனத்தோடு வந்த சொல், ஆனால் அது ஒரு சான்றிதழாகிவிடுகிறது. உயிரணுக்கள் பெருக ஊட்டமாகப் பல காலம் சேர்த்துவந்தது கன்றுக்கருவின் சீரம். சினை மாட்டை அறுக்கும்போது கருவிலிருந்து எடுக்கும் குருதிநீர் அது. 2013 பர்கரும் சீரத்தில் வளர்ந்ததுதான். சீரம் இல்லாத கரைசலுக்குச் சிங்கப்பூர் 2023 ஜனவரியில்தான் அனுமதி கொடுத்தது. புலாலைப் 'பிறிதொன்றன் புண்' என்கிறது குறள் 257. இந்தப் பண்டத்தில் புண் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது கலனுக்குக் கலன் மாறும். அதைப் பெயரிலேயே தீர்த்துவைக்க முடியாது, ஒவ்வொரு நிறுவனத்திடமும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தவிர்க்கும் நனிசைவர்களிடையே (வீகன்) இதில் ஒருமித்த கருத்து இல்லாததும் இதனால்தான். 1944இல் பிரிட்டனில் டொனால்ட் வாட்சன் முதலானோர் தொடங்கிய நனிசைவ இயக்கத்தின் கேள்வி தட்டோடு நிற்பதில்லை. தோல், கம்பளி, பட்டு எல்லாம் அதில் வரும். சைவ விருந்துக்குப் பட்டுப்புடவையில் போகிறவர் கூட்டுப்புழுவைக் கொதிநீரில் போடுவதை நினைப்பதில்லை. ஆனால் நனிசைவருக்கு அதுவும் உறுத்தும். துணுக்குத் தசைக்காக ஒரு மாட்டைக் கட்டிவைப்பதே தவறு என்பார் ஒருவர். கோடிக்கணக்கான உயிர்கள் பிழைக்குமே என்பார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. இருந்தாலும் கலைச்சொல் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

சரி, ஏன் 'திசு'? வாழை விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். 'திசுக் கன்றா, பக்கக் கன்றா?' என்பது அவருக்கு அன்றாடப் பேச்சு. திசு வாழை என்றால் பக்கக் கன்றாக வராமல் குடுவையில் பெருக்கியது என்று படிக்காதவருக்கும் புரியும். அந்தப் புரிதலைக் கறிக்கும் நீட்டலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு, உயிரணுக்கள் ஹலால் விலங்கிலிருந்து வந்திருந்தால், மற்ற சேர்மானங்களும் தூயவையாக இருந்தால் உண்ணலாம் என்றது. ஆகவே எந்த விலங்கு என்பது பெயரில் தெரிய வேண்டும். திசுக் கோழிக்கறி, திசு மாட்டுக்கறி, திசு இறால்: எல்லாம் நாவில் எளிதாக ஒட்டுகின்றன.

'எல்லா இறைச்சியும் திசுதானே' என்று கேட்பீர்கள். எல்லா வாழையும் திசுதான், குழப்பம் வரவில்லை. இலங்கைப் பாடநூல்களில் 'இழையம்', 'இழைய வளர்ப்பு' என்பதே வழக்கு. அங்கே 'இழைய இறைச்சி' சரியாக அமையும் என்று நினைக்கிறேன். ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள். இரண்டையும் இணைச்சொற்களாகப் பதியலாமா, ஒன்றையே கொள்வதா?

அன்புடன்