வீட்டுப் பரிசோதனை அறிக்கை மென்பொருளில் பாமினி எழுத்துருவிலுள்ள குறிப்புகளைச் சேர்க்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் வீடுகளைப் பரிசோதித்து, பெரும்பாலும் வெளிநாட்டில் வாழும் உரிமையாளர்களுக்கு அறிக்கை எழுதும் தொழில் செய்கிறேன். இதுவரை வேர்டில் எழுதிவந்த நான், பரிசோதிக்கும் இடத்திலேயே கைத்தொலைபேசியில் படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து அறிக்கையாக்கும் வட அமெரிக்க மென்பொருள் ஒன்றைக் கற்று வருகிறேன்.

அதன் படிவம் நிலக்கீழ் அறை, வெப்பமூட்டி என்று அந்நாட்டு வீடுகளுக்கேற்ப அமைந்திருந்தது. அவற்றை நீக்கிக் கிணறு, மலசலகூடக் குழி, கூரை மரத்துக் கறையான் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டேன். சிக்கல் எழுத்துருவில்தான் உள்ளது. பல ஆண்டுகளாகச் சேர்த்த குறிப்புகள் அனைத்தும் பாமினியில் இருக்கின்றன. மன்னாரின் முருங்கன் பக்கத்துக் கருங்களிமண் மழையில் பொங்கிக் கோடையில் சுருங்குவதால் அத்திவாரம் அசைந்து, யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பை, பூச்சு மட்டும் காய்ந்து பிளந்த மெல்லிய வெடிப்பிலிருந்து வேறுபடுத்திச் சொல்லும் பந்திகள் அவற்றுள் உண்டு. அவற்றை இழக்க எனக்கு மனமில்லை.

பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதால், மென்பொருளில் ஒட்டியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரிகின்றன. யுனிகோட் மாற்றியில் இட்டால் தமிழ் சரியாக வருகிறது. ஆனால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் அளவுகளும், அவையே முக்கியமானவை, சிதைந்துவிடுகின்றன. வேர்ட் கோப்பில் பாமினி எழுத்துருவில் உள்ள பகுதிகளை மட்டும் தெரிவுசெய்து மாற்றும் வழியை அறிந்தவர்கள் விளக்குவீர்களா? பிடிஎப் ஆக்கும்போது ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம்மாறாதிருக்க எந்த எழுத்துருவைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.