நத்தார்ப் படக்கதைகளும் எங்கள் பிள்ளைகளும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

குருநகர், முன்பள்ளி ஆசிரியை:

மார்கழி வந்தால் எங்கள் முன்பள்ளியில் கதை நேரம் நீண்டுவிடும். வெளியே மாரி மழை, முற்றத்தில் வெள்ளம், பிள்ளைகளை இறங்கி விளையாட விட முடியாது. வெளிநாட்டு உறவுக்காரர் பெட்டியில் போட்டு அனுப்பிய நத்தார்ப் படக்கதைகள் பத்துப் பன்னிரண்டு எங்களிடம் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம். எல்லாவற்றிலும் பனி.

நம்மூரில் பனி என்றால் விடியற்காலையில் புல்லில் நிற்கிற ஈரம். "பனிக்குள்ள நிக்காத, தடிமன் வரும்" என்று வீட்டில் சொல்லுகிற பனி. போன வருடம் பனிமனிதன் என்று நான் வாசித்ததும் நாலு வயதுப் பிள்ளை ஒன்று, "டீச்சர், தண்ணியில எப்பிடி மனிசன் செய்யிறது?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. நான் மேகம், குளிர் என்று விளக்கத் தொடங்கினேன். பிள்ளைகளின் கண்கள் ஜன்னலுக்குப் போய்விட்டன. அப்போது பக்கத்தில் இருந்த பெடியன் படத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது அப்பா மீன் பெட்டிக்குள்ள போடுறது."

அவனுடைய அப்பா கடற்றொழில் செய்பவர். அடுத்த நாள் காலை அவரே ஒரு றெஜிபோம் பெட்டியில் நொறுக்கிய ஐஸ் கொண்டுவந்து தந்தார். அதைப் பெரிய தட்டத்தில் கொட்டி, 18 பிள்ளைகளும் சுற்றி இருந்து பிடித்தோம். கையெல்லாம் விறைத்துச் சிவந்துவிட்டது. கண்ணுக்கு இரண்டு புளியங்கொட்டை, மூக்குக்குக் கரட் துண்டு. தலை இரண்டு தரம் சரிந்து விழுந்தது, மூன்றாம் தரம்தான் நின்றது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆள் பாதி. வீட்டுக்குப் போகிற நேரம் தட்டம் நிறையத் தண்ணீர், அதன் அடியில் இரண்டு புளியங்கொட்டை.

அதற்கு அடுத்த நாள்தான் ரேமண்ட் பிரிக்ஸின் 'த ஸ்னோமேன்' புத்தகத்தை எடுத்தேன். 1978இல் வந்தது. முழுக்கப் படம், ஒரு சொல்லும் கிடையாது. (புத்தகத்தில் நத்தார் பாப்பா வரவே மாட்டார். 1982இல் வந்த கார்ட்டூன் படத்தில்தான் அவரைச் சேர்த்தார்கள்.) சொல் இல்லாதபடியால் நமக்கு மொழிபெயர்க்கிற வேலை இல்லை, யாழ்ப்பாணத் தமிழிலேயே முழுக் கதையையும் சொல்லலாம். கடைசியில் விடிகிறது, பையன் ஓடி வந்து பார்க்கிறான், பனிமனிதன் உருகிப் போய்க் கிடக்கிறான். முந்திய வருடங்களில் இந்த இடத்தில் பிள்ளைகள் "பிறகு?" என்று கேட்பார்கள். இந்தமுறை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை எழும்பிப் போய் அந்த வெறும் தட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து இருந்தது.

உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

கோண்டாவில், ஒரு தாய்:

நாங்கள் சைவக்காரர். மகள் முன்பள்ளியிலிருந்து இயேசு பாலன் பிறந்த கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதுவும் ஆங்கிலம்தான். இரவு விளக்கு வைத்தபிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். அம்மா பக்கத்தில் இருந்து வெற்றிலை மடித்தபடி, தன் பாட்டில் பயன் சொல்லத் தொடங்கினார். நம் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவாரே, அதே முறை, அதே இழுவை. "அதாவது என்னெண்டால், அந்தப் பிள்ளைத்தாச்சி நடந்து நடந்து களைச்சுப் போனா. ஊருக்குள்ள ஒரு வீட்டிலயும் இடமில்லை எண்டிட்டினம்..."

நான் ஒரு வரி வாசித்தால் அம்மா ஐந்து வரி சொல்லுவார். புத்தகத்தில் இல்லாத சுடுதண்ணீர் வந்தது, மருத்துவிச்சி வந்தார், மூன்றாம் நாள் சரக்குக் கறியும் வந்தது. மாட்டுக்கொட்டில் பக்கத்தில் அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். "எங்கட கண்ணனும் ஆயர்பாடியில மாடு கண்டுக்குள்ள வளந்த பிள்ளைதானே" என்று சொல்லி, படத்தில் இருந்த கன்றுக்குட்டியைத் தடவினார். எனக்கு அந்த நிமிடம் மறக்காது.

இப்போது எந்தப் புத்தகம் எடுத்தாலும் மகள் இரண்டு பேரையும் இருத்திவிடுவாள். "அம்மா வாசியுங்கோ, அம்மம்மா பயன் சொல்லுங்கோ." நான் தனியே தமிழாக்கிச் சொன்னால் அவளுக்குப் போதாது. ஆங்கிலம் தெரியாத அம்மம்மாதான் எங்கள் வீட்டில் படக்கதையின் பாதி.

சுண்டுக்குளி, இரண்டு பிள்ளைகளின் தாய்:

கோண்டாவில் அக்கா, வாசிக்க ஆசையாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதை வேறு. நான் புரட்டஸ்தாந்து, அவர் கத்தோலிக்கர். நான் வாசித்தால் மரியாள் பிள்ளையை முன்னணையிலே கிடத்துவாள். அவர் வாசித்தால் மரியா தீவனத் தொட்டியில் கிடத்துவார். இரண்டும் அவரவர் தமிழ் வேதாகமத்தில் உள்ள சொல்தான். மூத்தவனுக்கு இரண்டுமே விளங்கவில்லை. கடைசியில் அவர் அவனை நீர்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய், மாமா வீட்டு மாட்டுக்கொட்டிலில் தவிடும் புண்ணாக்கும் கரைக்கிற தொட்டியைக் காட்டினார். அவன் குனிந்து மணந்து பார்த்தானாம். பிறகு, "பாப்பாக்கு எறும்பு கடிக்காதோ அப்பா?" என்று கேட்டானாம். அன்று இரவு அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தம்பிக்குச் சொன்னான், மணத்தோடு சேர்த்து.

ஞானிகள் கொண்டுவந்த காணிக்கையும் அப்படித்தான். என்னுடைய தூபவர்க்கம் தோற்றுப்போய், அவருடைய சாம்பிராணி வென்றது. சாம்பிராணி என்றால் பிள்ளைக்கு மூக்கிலேயே தெரியுமே.

இன்னொன்று. படக்கதைகளில் கழுதை இல்லாத புத்தகம் நான் கண்டதில்லை, ஆனால் லூக்கா எழுதியதில் கழுதை கிடையாது. ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயுவும் எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் திருத்த வேண்டுமா என்று முன்பு யோசிப்பேன். பிறகு ஒருநாள் மன்னாருக்குப் போனோம். அங்கே தெருவிலே கழுதைகள் நிற்குமே. சின்னவன் வான் ஜன்னலில் முகத்தை வைத்து, "அம்மா, மரியாவின்ர கழுதை!" என்று கத்தினான். திரும்பி வரும்போதும் எத்தனை கழுதை என்று எண்ணிக்கொண்டே வந்தான். திருத்துகிற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டேன். அவன் வளர்ந்து தானே வேதாகமத்தைத் திறந்து தேடட்டும்.

அரியாலை, அப்பப்பா:

புத்தகத்தைக் காக்கிறதைப் பற்றி ஒரு சொல். மாரியில் இந்த மினுங்கல் தாள்கள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பிரித்தால் படம் உரிந்து வரும். சுவரோடு அடுக்கினால் கறையான். நான் தகரப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்து, தை வெயிலில் விரித்துக் காய விடுவேன். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மட்டை அட்டைப் புத்தகம்தான் நல்லது. கடித்தாலும் தாங்கும்.

சின்ன வயதில் எங்கள் பொதுநூலகத்தில் ஒரு நத்தார்ப் படப்புத்தகம் பார்த்தேன். பெயர் நினைவில்லை. இருட்டுத் தெரு, ஒரே ஒரு வீட்டு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். அந்தப் பக்கத்தைப் பார்க்கவே திரும்பத் திரும்பப் போவேன். 1981இல் நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. எல்லோரும் ஏடுகளைச் சொல்லி அழுதார்கள். நானும் அழுதேன், அந்த மஞ்சள் ஜன்னலையும் நினைத்து. பேத்திக்கு அதைக் கலர்ப் பென்சிலால் கீறிக் கொடுத்திருக்கிறேன். நிறம் சரியாக வரவில்லை. ஆனாலும் அவள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் படுக்கிறாள்.

பாசையூர், ஒரு தகப்பன்:

என் மகளுக்கு நத்தார் பாப்பா என்றால் உயிர்ப்பயம். இரண்டு வயதில் கரோல் கோஷ்டி வந்தபோது பிளாஸ்டிக் முகமூடியும் மேளச்சத்தமும் அவளை அப்படியே உறைய வைத்துவிட்டன. அதன்பிறகு சிவப்புத் தொப்பி உள்ள பக்கம் வந்தாலே புத்தகத்தை மூடிவிடுவாள்.

நான் புத்தகத்தை மாற்றிப் பார்த்தேன். நாலாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா என்ற ஊரில் ஆயராக இருந்த புனித நிக்கலஸைப் பற்றிய படக்கதை ஒன்று கிடைத்தது. ஏழை வீட்டு ஜன்னலால் இரவில் பொன் முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்று வழிவழியாகச் சொல்லுகிற கதை. படத்தில் ஆயரின் தொப்பியும் கோலும். "எங்கட ஆயர் மாதிரியோ அப்பா?" என்றாள். ஓம் என்றேன். பெரிய கோயிலில் ஆயர் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்திருக்கிறார், பயமில்லை.

அந்த நத்தாருக்கு கரோல் தம்பிமாரிடம் முதலே சொல்லி வைத்தேன். பாப்பா வேடம் போட்டவர் எங்கள் வாசலில் மேளத்தை நிறுத்தச் சொல்லி, முழங்காலில் இருந்து முகமூடியைக் கழற்றினார். உள்ளே எங்கள் ஒழுங்கை ஓட்டோ மாமா, வேர்த்து வடிகிற முகம். மகள் உள்ளே ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது சிவப்புத் தொப்பிப் பக்கத்தில், "மாமாக்கு வேர்க்குது" என்று சொல்லித்தான் தாளைத் திருப்புவாள்.

குருநகர், முன்பள்ளி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. அரியாலை ஐயாவின் ஜன்னலை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

உங்கள் கதைகளை வாசித்தபிறகு நாங்களும் ஒரு புத்தகம் செய்தோம். அச்சில் வருகிற படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம். எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். டிமைத் தாளை இரண்டு தரம் மடித்து வெட்டினால் எட்டுப் பக்கம், நடுவில் நூலால் ஒரு தையல். பாலன் குடிலைக் கீறச் சொன்னேன். 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் செய்தார் என்று சொன்னதும், ஒரு பிள்ளை தன் வீட்டு ஆட்டையும் சேர்த்துக் கீறியது. குடிலுக்குப் பனையோலைக் கூரை. வாசலில் தகரப் பேணியில் நெல் முளை, வீட்டில் வைக்கிற மாதிரியே.

மீன் பெட்டி என்று சொன்ன அந்தப் பெடியன் கடைசிப் பக்கத்தை எடுத்துக்கொண்டான். கடல், அப்பாவின் போட், போட்டுக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்குள் பனிமனிதன், தலை மட்டும் வெளியே. மூடியை ஏன் பாதி திறந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"மூடினா அவருக்குக் கடல் தெரியாது, டீச்சர்."