பழைய 4:3 கேம்கள் அகல மானிட்டரில் இழுபட்டு வருகின்றன, சரிசெய்வது எப்படி?

பீனிக்ஸ்காரன் (டர்பன்):
வணக்கம். 24 இன்ச் 1080பி மானிட்டர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. ஸ்டார்கிராஃப்ட் (1998 சிடி), ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999), டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் கேம்களை ஓட்டும் நிரல்) டூம். முதல் இரண்டும் திரை முழுக்க இழுபடுகின்றன, ஆட்கள் குட்டையும் குண்டுமாகத் தெரிகிறார்கள். டூம் பரவாயில்லை, ஆனாலும் என்னவோ இடிக்கிறது. மானிட்டர் மெனுவில் 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) என்ற வரி மங்கிக் கிடக்கிறது, தேர்ந்தெடுக்க விடாது. பிஎஸ்2 கேம் மெஷினும் உண்டு. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை ஒரு சின்ன எச்டிஎம்ஐ டப்பாவில் சொருகியிருக்கிறேன், அதிலும் இதே கதை. ட்யூப் டிவி தேடி அலையாமல் வழி உண்டா?

உம்கேனி_பாலம்:
தம்பி, படம் மூன்று இடத்தில் இழுபடலாம்: கேம், கார்டு, மானிட்டர். வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். கம்ப்யூட்டர் கேமுக்குக் கார்டுதான் தோது.

உங்கள் மானிட்டரில் 4:3 மங்கியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கார்டுதான். அது 640x480 படத்தை 1920x1080 ஆக்கி அனுப்பிவிடுகிறது, மானிட்டர் கண்ணுக்கு அது அசல் 16:9 அகலப் படம். ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு மானிட்டர் ஈடுகொடுக்கும் வசதி) போட்டிருந்தாலும் சில மானிட்டர்களில் அந்த வரி பூட்டிக்கொள்ளும்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் 'அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்' போங்கள். 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' (அகல உயர விகிதம்) தேர்ந்தெடுத்து, 'பெர்ஃபார்ம் ஸ்கேலிங் ஆன்' என்பதை ஜிபியு, அதாவது கார்டு, ஆக்குங்கள். கீழே 'ஓவர்ரைடு தி ஸ்கேலிங் மோட்' டிக் போட்டு அப்ளை. இந்த டிக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏஎம்டி கார்டு என்றால் டிஸ்ப்ளே பக்கத்தில் ஜிபியு ஸ்கேலிங் ஆன், 'ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ'.

சரியாக வந்தால் படம் 1440x1080, இரு பக்கமும் 240 பிக்சல் கறுப்புப் பட்டை. 24 இன்ச் திரையில் பட்டை ஒவ்வொன்றும் சுமார் 6.6 செ.மீ. அடிக்கோல் வைத்துப் பாருங்கள். கேமில் வட்டமான ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. உயரம் 3 செ.மீ., அகலம் 4 செ.மீ. என்று வந்தால் இன்னும் இழுபட்டுத்தான் இருக்கிறது.

அதே பக்கத்தில் 'இன்டீஜர் ஸ்கேலிங்' என்றும் இருக்கும், உங்கள் கார்டுக்கு உண்டு. 640x480-ஐ சரியாக இரண்டு மடங்காக்கி 1280x960 தரும். எழுத்துகள் கத்தி வெட்டினாற்போல் இருக்கும், ஆனால் மேலும் கீழும் 60 வரி வீணாகும். ஸ்டார்கிராஃப்டுக்கு எனக்கு அது பிடிக்கும். 800x600 கேமுக்கு உங்கள் திரையில் பயனில்லை. இரண்டு மடங்கு 1200 வரி, இருப்பதோ 1080.

கறுப்புப்பட்டை:
டூம் ஏன் இடிக்கிறது என்றால், அது 320x200. கணக்குப்படி 16:10, ஆனால் அந்தக் காலத்தில் 4:3 ட்யூபில் பார்க்கவே வரைந்தார்கள். ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். டாஸ்பாக்ஸ் அதைச் சதுரமாகக் காட்டினால் 1728x1080 வரும், பட்டை 96 பிக்சல்தான், உங்கள் திரையில் இரண்டரை செ.மீ. சொச்சம். பட்டை இருக்கிறதே, சரியாகிவிட்டது என்று ஏமாறுவது இங்கேதான்.

டாஸ்பாக்ஸின் கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் மூன்று வரி: ஃபுல்ரெசல்யூஷன் டெஸ்க்டாப், அவுட்புட் ஓபன்ஜிஎல், ரெண்டர் பகுதியில் ஆஸ்பெக்ட் ட்ரூ. அவுட்புட் சர்ஃபேஸ் என்றே விட்டால் படம் திரையை நிறைக்காமல் நடுவில் சின்னதாக நிற்கும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் 1280x1024 இருக்கும். அது 5:4. உம்கேனி சொன்ன முறையில் 1350x1080 ஆக வரும், வட்டம் வட்டமாகவே இருக்கும், பயமில்லை. வேறு ஏதாவது கருவியில் 4:3-க்குள் திணித்தால்தான் சுமார் 7% அகலமாகும்.

பீனிக்ஸ்காரன்:
டூம், ஏஜ் இரண்டும் சரி, பட்டை அளவும் ஒத்துப்போகிறது. ஸ்டார்கிராஃப்ட் மட்டும் அசையவில்லை. நிறமும் நடுநடுவே பிசகுகிறது.

உம்கேனி_பாலம்:
அது 256 நிற கேம். விண்டோஸ் 8-க்குப் பிறகு அந்த முறையை விண்டோஸே பாசாங்கு செய்து காட்டுகிறது, அதனால் கார்டின் அமைப்பு சில சமயம் எட்டாது. இதைச் சரிசெய்யும் சிஎன்சி-டிடிரா என்ற சின்ன நிரல் இலவசம். அதன் ஃபைல்களை கேமின் எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே போடுங்கள். அதன் கான்ஃபிக் நிரலைத் திறந்து பார்டர்லெஸ், 'மெயின்டெயின் ஆஸ்பெக்ட் ரேஷியோ' இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கேம் ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் விண்டோஸ் எழுத விடாது, அமைப்பு சேமிக்காமல் போகும். சி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். நிறக் கோளாறும் இதிலேயே தீரும்.

பால்_50:
பிஎஸ்2 பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த மலிவு டப்பா எது வந்தாலும் 16:9 ஆக இழுத்து 720பி அல்லது 1080பி அனுப்பும், பக்கத்தில் உள்ள ஸ்விட்ச் அதற்கு மட்டும்தான். இங்கே மானிட்டர்தான் ஒடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு மாற்றி, டப்பா ஓடும்போதே மெனுவைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர் இன்புட்டில் மங்கிய 4:3 இங்கே திறந்திருக்கலாம். அப்போதும் மங்கியே இருந்தால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற ஸ்கேலர் (படத்தின் அளவை மாற்றித் தரும் கருவி) வேண்டும், விலை கூடுதல்.

அதற்கு முன் கேமின் ஆப்ஷனில் 16:9 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் போடுங்கள். கேமே படத்தை நெருக்கி அனுப்பும், டப்பா இழுக்கும், முடிவு சரியாக வரும்.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவில் விற்றது பால் (PAL என்ற டிவி முறை) மெஷின், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 படம். டப்பா அதை 60 ஆக்கும்போது ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்றை இரண்டு முறை காட்டும், பக்கவாட்டில் நகரும் காட்சி தட்டுத்தட்டி ஓடும். ஆரம்பிக்கும்போது 50/60 கேட்கும் கேம்களில் 60 தேர்ந்தெடுங்கள்.