எங்க குடும்பக் குரூப்புல உரப் பஞ்சாயத்து

பிரியா (நானுஓயா):
எல்லாருக்கும் காலை வணக்கம் 🙏 தக்காளியும் கறிமிளகாயும் பேக்குல வைக்கப்போறேன், பத்து லீட்டர் பேக், கன்று ரெடி. உரம் வாங்கக் கடைக்குப் போனா ஒருத்தர் 15:15:15 எடுங்கங்கிறாரு, இன்னொருத்தர் எலும்புத்தூள்தான் நல்லதுங்கிறாரு, அப்புறம் மஞ்சளா உருண்டை உருண்டையா ஒன்னு, ஒருக்கா போட்டா நாலு மாசத்துக்குத் திரும்பிப் பாக்கவே தேவையில்லயாம். எத எடுக்கிறது? தண்ணியில கரைச்சு ஊத்துறது வேணாம், வேலைக்குப் போயிட்டு வந்து கரைச்சுக்கிட்டு இருக்க ஏலாது.

ராணி சித்தி:
மாட்டெரு போடு புள்ள. கடை உரம் எல்லாம் காசு புடுங்குற வேல

சிவா மாமா (பண்டாரவளை):
உரத்த விடு, மண்ணு எங்க எடுத்த?

பிரியா:
வீட்டுக்குப் பின்னால தேயில ஓரத்து மண்ணு மாமா. கூடத் தும்புத்தூள், மாட்டெரு

சிவா மாமா:
அப்பிடின்னா உரத்துக்கு முன்ன டொலமைட் வாங்கு, புளிப்பக் கொறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள். தேயில மண்ணு புளிச்ச மண்ணு, பிஎச்சுன்னு ஒரு அளவு, குறையக் குறையப் புளிப்பு கூட, இதுல நாலரையில இருந்து அஞ்சரைக்குள்ளதான் இருக்கும், தேயிலைக்கு அதுதான் வேணும். தக்காளிக்கு ஆறுக்கு மேல வேணும். புளிப்பு மண்ணுல நீ எவ்வளவு விலை குடுத்து உரம் போட்டாலும் அதுல இருக்கிற பொஸ்பரச இரும்பும் அலுமினியமும் புடிச்சு வச்சுக்கும், வேருக்குக் கிடைக்காது, நீ உரம் சரியில்லன்னு கடைக்காரன ஏசிக்கிட்டு இருப்ப. பேக் ஒன்னுக்கு ரெண்டு மேசக்கரண்டி போட்டு நல்லாக் கலந்து, லேசா ஈரமா ரெண்டு கிழமை வச்சிரு. கல்சியமும் மக்னீசியமும் சேந்தே வரும்.

பிரியா:
ரெண்டு கிழமையா 😩 கன்று வளந்துருமே

சிவா மாமா:
கன்ற சின்ன கப்புல மாத்தி வை, ஒன்னும் ஆகாது

தினேஷ் (ஹட்டன்):
அக்கா ஏன் காசு செலவழிக்கிறீங்க, பக்கத்து வீட்டு அண்ணன் அவர் சொந்தத் தேயிலைக்கு வாங்கின யூ 709 கொஞ்சம் மிச்சம் வச்சிருக்காரு, சும்மாவே தர்றேன்னாரு, பஸ்ல போட்டு அனுப்பவா

சிவா மாமா:
டேய் அது கொழுந்துக்கு போடுற உரம்டா. தேயிலையில நமக்கு வேண்டியது இலை, அதனால யூரியா கலந்து நைதரசன் தூக்கலா இருக்கும். தக்காளிக்குப் போட்டா செடி கருகருன்னு மதில் உசரத்துக்கு நிக்கும், பூ பூக்காது, பூத்தாலும் கொட்டும். அதோட அதுல பொஸ்பரசுக்குக் கலக்குறது எப்பாவல ரொக் பொஸ்பேட், அங்க தோண்டுற கல்லுத்தூள். அது புளிப்பு மண்ணுல மெல்ல மெல்லக் கரையும், வருசக்கணக்கா நிக்கிற தேயிலைக்குச் சரி. அஞ்சாறு மாசத்துல முடியுற தக்காளி அது கரையிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா? 2021ல உரத் தடை போட்ட நேரம் இதே யூரியாவுக்கு ஆலாப் பறந்தாங்க, இப்ப சும்மா தர்றாங்களா 😄

தினேஷ்:
😂😂 சரி மாமா அவரையே வச்சுக்கச் சொல்றேன்

பிரபு (டொரொண்டோ):
இங்க நடு ராத்திரி, தூக்கம் வரல. பிரியா இங்க கஞ்சா செடிக்குன்னே ட்ரை உரம் டப்பா டப்பாவா விக்கிறாங்க, ஒன்டாரியோவுல ஒரு வீட்டுக்கு நாலு செடி சட்டப்படி வைக்கலாம். நான் வேல செய்யிற கடையில அதையும் தக்காளி உரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் திருப்பிப் பாத்தா பின்னால ஏறக்குறைய ஒரே சாமான்தான், எலும்புத்தூள், மீன்தூள், கடல்பாசி, வளரும்போது நைதரசன் கூட, பூக்கும்போது அத குறைச்சுப் பொட்டாசியம் கூட. விலை மட்டும் டபுள். அட்டவணை அனுப்பவா?

ராணி சித்தி:
பிரபு!!! குடும்பக் குரூப்புல என்னா பேச்சு இது. உங்கம்மா இருக்காங்க இங்க

சிவா மாமா:
இங்க ஒரு செடி வச்சாலும் கோர்ட்டுக்கு நடக்கணும் தம்பி, அட்டவணைய நீயே வச்சுக்க. ஆனா சொன்ன கணக்கு சரி. பிரியா, பையில மூணு நம்பர் இருக்கும் பாரு, நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம், அந்த வரிசைதான் எப்பவும். 15:15:15ன்னா ஒரு கிலோவுல நைதரசன் 150 கிராம், மத்த ரெண்டும் ஒட்சிசனோட சேந்த ஒக்சைட் கணக்குல 150 கிராம் வீதம். முன்பக்கத்துப் படத்த பாத்து வாங்காத.

பிரியா:
அப்ப அந்த மஞ்சள் உருண்டை? நாலு மாசம் கவலையில்லன்னு சொன்னாரே, எனக்கு அதுலதான் ஆசை

சிவா மாமா:
நல்ல சாமான்தான், பொய் இல்ல. ஆனா அந்த நாலு மாசக் கணக்கு 21 பாகை சூட்டுக்குப் போட்டது. உருண்டைக்கு மேல ஒரு தோல் இருக்கும், தண்ணி உள்ள போய் உரம் கரைஞ்சு மெல்லக் கசியும், எவ்வளவு கசியும்ங்கிறது சூட்டப் பொறுத்துத்தான். நானுஓயா பக்கம் சராசரி 16தான், ராத்திரி இன்னும் இறங்கும். அப்ப மெதுவாத்தான் விடும், செடி பசியோட நிக்கிற நேரத்துல போதாது. கொழும்புல மாடித்தோட்டம் வச்சிருக்கிறவங்களுக்கு நல்லா வேல செய்யும், உனக்கு அந்த விலைக்குப் பெறுமதி இல்லங்கிறது என் அபிப்பிராயம். எலும்புத்தூளும் அதே கதைதான், குளிருல மக்குறதுக்கு நாளாகும், டொலமைட் போட்டுப் புளிப்பக் கொறைச்ச மண்ணுல இன்னும் மந்தம்.

செல்வி அக்கா:
எலும்புத்தூள் போட்டீங்கன்னா நாய் விடாது பிரியா. எங்க வீட்டுல ஒரே ராத்திரியில பேக் எல்லாம் கவுத்துப்போட்டுச்சு, பன்றி வர்ற இடம்னா கேக்கவே வேணாம்

பிரியா:
ஐயோ இங்க பன்றி வருது 😳 சரி அப்ப 15:15:15 ஒரு கிலோ. எவ்வளவு போடணும்?

சிவா மாமா:
ஒரு தேக்கரண்டி, மட்டமா, கும்பாரமா இல்ல. தண்ட விட்டுத் தள்ளி பேக் ஓரத்துல வட்டமாத் தூவி, மண்ணக் கிளறி மூடி, தண்ணி ஊத்து. ரெண்டு மூணு கிழமைக்கு ஒருக்கா. வயல்ல போடுற மாதிரி அள்ளிப் போட்டா பேக்குல உப்பு ஏறி இலை நுனி காஞ்சுரும். மே மாசத்துக்கு மேல மழை அடிக்கிற நேரம் பேக்க கூரைக்குக் கீழ தள்ளி வை, இல்லன்னா போட்டது எல்லாம் ஓட்ட வழியா ஓடிரும். பூ எடுத்த பிறகு அடுப்புச் சாம்பல் ஒரு கரண்டி சேத்துக்க, பொட்டாசியம் இருக்கு, ஆனா அதே நாள்ல யூரியா கீரியா சேக்காத, அமோனியாவாப் பறந்துரும்.

ராணி சித்தி:
பாத்தியா கடைசியில சாம்பலுக்குத்தான் வந்தாரு 😌 நான் சொன்னா கேக்க மாட்டீங்க

பிரியா:
சித்தி நீங்க மாட்டெரு தானே சொன்னீங்க 😂 மாமா, போன வருசம் பக்கத்து வீட்டுத் தக்காளி எல்லாம் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிப் போச்சு, அதுக்கும் உரம் இருக்கா?

சிவா மாமா:
அது கல்சியம் பழத்துக்குப் போய்ச் சேராததால வர்றது. டொலமைட் போட்டிருந்தா பாதி தீந்துச்சு, மிச்சம் தண்ணி. ஒரு நாள் காயப்போட்டு மறு நாள் குளம் கட்டுனா கல்சியம் இருந்தும் பிரயோசனம் இல்ல. வேற ஒன்னும் வாங்கச் சொன்னா வாங்காத.

பிரியா:
சரி மாமா, சம்பளம் வந்ததும் டொலமைட் எடுக்கிறேன் 👍

தினேஷ்:
அக்கா காய்ச்சா எனக்கு ஒரு கிலோ கறிமிளகாய், பஸ்ல போட்டு அனுப்புங்க