15 வருஷம் கழித்து ஒருவர் ஜெயிலிலிருந்து வருகிறார், நாங்கள் என்ன செய்யலாம்?

திருமங்கலம் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நூலகத்தில் வாசகர் வட்டம் என்று ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடுவோம். பெரும்பாலும் ஆசிரியர்கள், ரெண்டு பேர் ஓய்வு பெற்றவர்கள்.

எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் மகன் மதுரை மத்திய சிறையில் ஆயுள் கைதி. 2009இல் வரப்புத் தகராறு அடிதடியாகி ஒருவர் இறந்துபோன வழக்கு. இப்போது முன்விடுதலைக்கு (தண்டனைக் காலம் முடியும்முன்னே விடுவிப்பது) பெயர் போயிருக்கிறது, உத்தரவு எந்த நேரமும் வரலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். மனைவி அப்போதே பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். பாட்டிக்கு எழுபதுக்கு மேல். "நீங்கள்லாம் படிச்சவுக, அவன் வந்தா ஒரு வழி பண்ணிக் குடுங்க" என்று எங்களிடம் வந்து கேட்டார்.

வட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. நூலகத்தில் சின்னதாக வரவேற்பு வைத்துச் சால்வை போடலாம் என்கிறார் ஒருவர். பணம் திரட்டித் தையல் மெஷின் வாங்கித் தரலாம் என்கிறார் இன்னொருவர். ஒரு சார் மட்டும், இறந்தவர் குடும்பம் அடுத்த தெருவில்தானே இருக்கிறது, நாம் இதில் தலையிடலாமா என்று தயங்குகிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. உள்ளே அவர் பைண்டிங் வேலை செய்ததாகப் பாட்டி சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?

சிம்மக்கல் பைண்டர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தச் சால்வையை மடித்துப் பீரோவில் வையுங்கள். அந்த மனுஷன் விரும்புவது தன்னை யாரும் உற்றுப் பார்க்காமல் இருப்பதைத்தான். நீங்கள் மைக் வைத்துப் பெயரைச் சொன்னால், மறந்திருந்தவனுக்கும் வழக்கு ஞாபகம் வரும்.

நான் மதுரை சிம்மக்கல்லில் சின்னதாக ஒரு பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,405 ஆயுள் கைதிகளை விடுதலை செய்தார்கள், ஞாபகம் இருக்கலாம். அதில் வந்த ஒருவரை, ஜெயிலுக்குப் போய்வருகிற ஒரு பாதர் என் கடைக்குக் கூட்டி வந்தார். அப்படித் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்தவர்களில் சிலர் நிலைத்தார்கள், சிலர் சொல்லாமல் போனார்கள், ஒருவர் இப்போது என்னைவிடப் பெரிய கடை வைத்திருக்கிறார் (என் கஸ்டமரில் ரெண்டு பேர் இப்போது அவரிடம்தான்).

முதல் மாதத்தில் உங்கள் குழுவில் எட்டுப் பேரும் வேண்டாம். ஒருவர் போதும். ஆத்திரப்படாத ஆளாக, பகலில் நேரம் உள்ளவராக ஒருவர். ஓய்வு பெற்ற வாத்தியார் இருக்கிறார் என்றீர்களே, அவரே சரி. அவருக்கு இருக்கிற ஒரே வேலை, கூட நடந்து போவது.

எங்கே என்றால், ஆதார் மையத்துக்கு முதலில். 2009இல் உள்ளே போனவர் என்றால் வெளியே ஆதார் எடுத்திருக்கவே மாட்டார், ஏனென்றால் ஆதார் அட்டை வர ஆரம்பித்ததே 2010இல்தான். உள்ளே முகாம் போட்டு எடுத்திருக்கலாம், அதைப் பாட்டி மனு பார்க்க, அதாவது ஜெயிலில் அவரைச் சந்திக்க, போகும்போதே கேட்கச் சொல்லுங்கள். எடுத்திருந்தாலும் அதில் போன் நம்பர் இருக்காது. நம்பர் இல்லாமல் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராமல் பாங்குக் கணக்கு, சிம் கார்டு எதுவும் சுலபத்தில் நகராது. ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்கியிருந்தால் இ-சேவை மையம், அங்கே சரியாகாவிட்டால் வட்ட வழங்கல் அலுவலகம். எந்தக் கவுன்டரிலும் ஒரு கேள்வி வரும்: "இத்தனை வருஷமா எங்கய்யா இருந்தே?" வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் காது நீளும். அந்த இடத்தில் உங்கள் வாத்தியார் ஒரு அடி முன்னால் வந்து, விடுதலைச் சான்றின் நகலை மடித்து நீட்டி, மெதுவான குரலில் பேசிவிட்டால் போதும். அன்றைக்கு அவர் செய்த உதவி ஒரு தையல் மெஷினைவிடப் பெரிது. அந்தச் சான்றை நாலைந்து நகல் எடுத்து வையுங்கள்.

அப்புறம் காசு. உள்ளே உழைத்த கூலியில் பிடித்தம் போக மிச்சம் சேர்ந்திருக்கும், வரும்போது ஒரு தொகையாகக் கைக்கு வரும். முதல் வாரமே மச்சான், சித்தப்பா என்று உறவு முறை வரிசையாக வரும். "அவசரமாக முப்பதாயிரம், ஆடியில் தந்துவிடுகிறேன்." பதினைந்து வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள்தான். அவரால் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவதே அவருக்குப் பெரிதாக இருக்கும். பணத்தைத் தபால் ஆபீசில் பாட்டி பெயரும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு 2016இல் வந்து 2023இல் போயும் விட்டது, பரோலில் வந்தபோது பார்த்திருந்தால்தான் உண்டு. டீக்கடையில் எல்லாரும் போனைக் காட்டிவிட்டுப் போவதைப் பார்த்து, காசே கொடுக்காமல் போகிறார்களே என்று ஒருவர் என்னிடம் கேட்டார்.

வேலை விஷயம். தையல் மெஷின் வாங்குவதற்கு முன்னால் அவருக்குத் தைக்கத் தெரியுமா, பிடிக்குமா என்று கேளுங்கள். பைண்டிங் தெரியும் என்றால் என்னிடம் அனுப்புங்கள், பார்ப்போம். உள்ளே கற்றவர்கள் ஃபாரம் (அச்சடித்த பெரிய தாள்) மடிப்பதும் தைப்பதும் அவ்வளவு சுத்தமாக இருக்கும், ஒரு மயிரிழை பிசகாது. ஆனால் வேகம் வராது. பள்ளிக்கூடம் திறக்கிற சீசனில் ஆயிரம் நோட்டு நாளைக்கு வேண்டும் என்று கஸ்டமர் நிற்பார், அந்த அவசரம் உள்ளே பழகியிருக்காது. வேகம் வர ரெண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை பொறுக்கிற முதலாளிதான் தேவை.

வேலை தெரிவது ஒரு பக்கம், பழக்கம் இன்னொரு பக்கம். முதலில் வந்தவர், நான் கடைக்குள் நுழையும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவார். கையில் பசை இருக்கும், மடித்த ஃபாரம் சரியும், அப்படியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உட்காருங்கள் என்றால் உட்காருவார், அடுத்த தடவை மறுபடியும் அதேதான். சொல்லிப் பயனில்லை என்று, அவர் பக்கத்தில் பாயைப் போட்டு நானும் மடிக்க உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எழுந்து நிற்க முடியாதே. கொஞ்ச நாளில் தானாகக் குறைந்தது. சாத்தியிருக்கிற கதவு முன்னால் யாராவது திறக்கட்டும் என்று நிற்பது, சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கே சோற்றைத் தேடுவது, விளக்கை அணைத்தால் தூக்கம் வராமல் இருப்பது, இதெல்லாம் இருக்கும். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பையனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போய்விடுவார்.

முதலாளிக்கு விஷயம் தெரிய வேண்டும். கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. என் கடைக்கு பில் புக் ஆர்டர் தருகிற ஒருவர், கட்டிங் மெஷினைக் காட்டி, "கத்தி இருக்கிற இடத்துல இந்த மாதிரி ஆளையா வைக்கிறீங்க" என்றார். அந்த ஆர்டர் அதோடு நின்றது. நின்றால் நிற்கட்டும்.

அடுத்த தெரு விஷயத்தை நான் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதுதான் கஷ்டமானது. அந்த சார் தயங்குவது சரி. இறந்தவர் வீட்டுக்கும் ஒரு பாட்டி இருப்பார். சமரசம், மன்னிப்பு என்று உங்கள் குழு இறங்க வேண்டாம். அவர்கள் கேட்காதவரை அதைத் தொடவே கூடாது. முதல் ஆறு மாதம், ஒரு வருஷம் அவர் மதுரையில் தங்கி வேலை பார்க்கட்டும், பாட்டி இங்கே வந்து பார்க்கட்டும்.

டாடா ஏஸ் எழுதியது:

பைண்டர் அண்ணே சொன்னதில் ஒன்றே ஒன்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்கிறீர்கள். எப்படியும் தெரிந்துவிடும் அண்ணே. நான் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்து, கேஸ் நிற்காமல் விடுதலையானவன். முதலில் போன குடோனில் சொல்லாமல்தான் சேர்ந்தேன். ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஏழாம் பிளாக்குல இருந்தவன்தானே" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவரும் உள்ளே இருந்தவர்தான், பாசத்தில் கேட்டார். அடுத்த வாரம் என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இப்போது சொந்த வண்டி, கேட்டால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. தண்டனை முடிந்து வருகிறவர்களுக்காவது விடுதலையானவர்களைக் கவனிக்கிற நன்னடத்தை அலுவலர், அவர்களுக்கான உதவிச் சங்கம், கலெக்டர் ஆபீஸ் என்று ஏதோ ஒரு வாசல் இருக்கிறது. விசாரணையிலேயே வருஷக்கணக்கில் கிடந்து, குற்றமற்றவன் என்று வெளியே வருகிறவனுக்கு எந்த வாசல்? நாட்டில் ஜெயிலில் இருக்கிறவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. உங்கள் வாசகர் வட்டம் அந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கட்டும்.

கூடல்நகர் வக்கீல் எழுதியது:

சட்டம் சார்ந்த சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன் மேடம்.

தீர்ப்பு நகலை எடுத்துப் பாருங்கள். ஆயுள் தண்டனையோடு அபராதமும் இருக்கும். கட்டாமல் விட்டிருந்தால் அதற்கான தண்டனையையும் கழித்த பிறகே வெளியே விடுவார்கள். உத்தரவு வந்த பிறகு இது தெரிந்து கேட் முன்னால் அழுத குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பணம் கட்ட முடியாதவர்களுக்காக மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தொடங்கியபோது தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரை, விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை என்று இருந்தது. சிலவகைக் குற்றங்களுக்குப் பொருந்தாது. இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் சொல்வார்கள்.

முன்விடுதலை உத்தரவில் நிபந்தனைகள் இருக்கும். அதைத் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேளுங்கள். மதுரையில் தங்குவது நல்ல யோசனை, ஆனால் உத்தரவில் எந்த முகவரி இருக்கிறதோ அதை மாற்றும்முன் நன்னடத்தை அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. நிபந்தனை மீறினார் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்காமல் முன்விடுதலையை ரத்து செய்யக்கூடாது, சின்ன மீறலுக்காக ரத்து செய்யக்கூடாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

ஓட்டுரிமையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும்வரைதான் ஓட்டுப் போட முடியாது. வெளியே வந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பிக்கலாம்.

திருமங்கலம் வாசகி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சால்வை யோசனை சொன்ன சாரிடமே இதைப் படிக்கக் கொடுத்தேன், சிரித்துக்கொண்டே "சரி, நானே கூட நடக்கிறேன்" என்றுவிட்டார். தீர்ப்பு நகல் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று போட்டிருக்கிறது, கட்டினார்களா என்று அவருக்கு ஞாபகம் இல்லை. நாளை வக்கீலிடம் கேட்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். வெளியே வருகிற நாளில் கேட்டுக்குப் போக வேண்டுமா? எத்தனை மணிக்கு விடுவார்கள்?

சிம்மக்கல் பைண்டர் எழுதியது:

கட்டாயம் போங்கள், ஆனால் பாட்டியும் அந்த சாரும் மட்டும். நேரம் யாராலும் சொல்ல முடியாது. உத்தரவு வந்து, பதிவேடுகள் எல்லாம் சரிபார்த்து முடிய சாயங்காலமும் ஆகலாம். பாட்டிக்குத் தண்ணீர், மாத்திரை, உட்கார ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு சட்டை, வேட்டி, செருப்பு. வெளியே வந்ததும் நேராகத் திருமங்கலம் பஸ் ஏற்ற வேண்டாம். இருட்டின பிறகு ஊருக்குள் இறங்கினால் தெருவே வெளியே வந்து நிற்கும். என் கடை மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, அன்றைக்கு ராத்திரி அங்கேயே பாட்டியோடு தங்கட்டும். முகவரி விஷயத்தை வக்கீல் சொன்னபடி எழுத்தில் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.

டாடா ஏஸ் தம்பி, நீங்கள் சொன்னதும் நியாயம்தான். இவர் வந்ததும் சொல்லலாமா வேண்டாமா என்று அவரிடமே கேட்டுவிடுகிறேன். உங்கள் வண்டி ஜெயில் இருக்கிற அரசரடிப் பக்கம் வரும் என்றால் அன்றைக்கு வாருங்கள், பாட்டியால் பஸ் ஏறி இறங்க முடியாது.