பாலக்கோடு ஒன்றியம் × பிலிப்பைன்ஸ் முனிசிபாலிட்டி: எந்தப் புள்ளிவிவரத்தை எதோடு ஒப்பிடுவது?

பாலக்கோடு_மாணவி:
வணக்கம். முதுகலை ஆய்வுக் கட்டுரைக்குப் பாலக்கோடு ஒன்றியத்தையும் பிலிப்பைன்ஸில் ஒரு சின்ன கிராமப்புற முனிசிபாலிட்டியையும் எடுத்திருக்கேன். மேயர், பராங்காய் (அங்கே மிகச் சின்ன உள்ளாட்சி அலகு) பட்டியல், "நான்காம் வகுப்பு"ங்கிற குறிப்பு, 2010, 2015, 2020 மக்கள்தொகை எல்லாம் கிடைச்சாச்சு. அங்கே இருக்கிற முனிசிபாலிட்டிக்கும் மேயர் பதவிக்கும் இங்கே சமமானது எது? அந்த வகுப்பு மக்கள்தொகையை வெச்சா? 2015-20 வளர்ச்சி விகிதம் கணக்குப் போட்டா, அச்சிட்ட எண்ணைவிடக் குறைவா வருது, ஏன்?

தொப்பூர்_கணவாய்:
பல ஊர்களைச் சேர்த்த ஓர் அலகுங்கிற வகையில ஒன்றியம் பொருந்தும். அதிகாரத்துல பொருந்தாது. நம்ம ஒன்றியக்குழுத் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறாங்க, அன்றாட நிர்வாகம் வட்டார வளர்ச்சி அலுவலர் கையில. அங்கே மேயரை மக்களே நேரடியா தேர்ந்தெடுக்கிறாங்க, நிர்வாகத் தலைமையும் அவர்தான். துணை மேயருக்குத் தனி ஓட்டு. அதனால ரெண்டு பேரும் எதிரெதிர் அணியா வரலாம்.

உங்க கட்டுரையில இதைக் கொஞ்சம் விரிவா எழுதுங்க. ஏன்னா நேரடியா தேர்வாகும் எட்டு கவுன்சிலர்கள் உள்ள சங்குனியாங் பாயான் என்கிற மன்றத்துக்குத் தலைமை துணை மேயர். பட்ஜெட்டை மேயர் தயாரிச்சு அனுப்பணும், மன்றம் நிறைவேத்தணும். நிதியாண்டு தொடங்கி 90 நாள் ஆகியும் நிறைவேறலைன்னா போன வருஷ பட்ஜெட்டே மறுபடி அமலுக்கு வரும். அதுலயும் சம்பளம், சட்டப்படியும் ஒப்பந்தப்படியும் கட்ட வேண்டியது, அத்தியாவசிய நடைமுறைச் செலவு இவ்வளவுதான். புது ரோடு, புதுக் கட்டடம் எல்லாம் அப்படியே நின்னுடும். பதவிக்காலம் 3 வருஷம், தொடர்ந்து மூணு முறைதான். இதெல்லாம் 1991 உள்ளாட்சிச் சட்டத்துல இருக்கு.

பராங்காய்க்கு நம்ம கிராம ஊராட்சி சமம். ஆனா நம்ம பக்கம் மக்கள்தொகையைப் பொறுத்து வார்டு எண்ணிக்கை மாறும். அங்கே ஊர் பெருசோ சிறுசோ, ஒரு தலைவர், அவரைத் தவிர 7 உறுப்பினர்கள். கூடவே இளைஞர் மன்றம் ஒண்ணு, 15 முதல் 30 வயது வரை உள்ளவங்க ஓட்டுப் போடுவாங்க. பராங்காய் பொது நிதியில 10 சதவீதம் அதுக்குப் போகும்.

ஊத்தங்கரை_புள்ளியியல்:
விகிதம் ஏன் குறையுதுன்னா நீங்க 5 வருஷம்னு வகுத்திருப்பீங்க. 2015 கணக்கெடுப்போட குறிப்பு நாள் ஆகஸ்ட் 1, 2020-க்கு மே 1. இடைவெளி 4.75 வருஷம்தான். பிந்தைய எண்ணை முந்தையதால வகுத்து, 1/4.75 அடுக்கு எடுத்து, 1-ஐக் கழிங்க. மாதிரிக்கு 20,000 பேர் 21,000 ஆனா 1.03 சதவீதம் வரும். 5 போட்டா 0.98. சின்ன ஊருக்கு இந்த வித்தியாசமே அட்டவணையைக் கெடுத்துடும். 2010-க்கும் மே 1-தான், அதனால 2010-20 சரியா பத்து வருஷம்.

பராங்காய் வாரியா சேர்க்கும்போது பெயரை நம்பாதீங்க. போப்லாசியோன், சான் இசித்ரோ, சான் ஹோசே எல்லாம் நாடு முழுக்க இருக்கு. புள்ளியியல் ஆணையம் தர்ற புவியியல் குறியீட்டை வெச்சுச் சேருங்க. போப்லாசியோன்ங்கிறது நகர மையமா இருக்கிற ஒரு பராங்காய்தான். அதோட எண்ணை முனிசிபாலிட்டி மொத்தம்னு எடுத்துடாதீங்க.

தொப்பூர்_கணவாய்:
வகுப்பு கேட்டிருந்தீங்களே. அது வருமானத்தை வெச்சு, மக்கள்தொகையை வெச்சு இல்லை. முன்னாடி 6 வகுப்பு இருந்துச்சு, 2023-ல வந்த சட்டம் அதை 5 ஆக்கிடுச்சு. பழைய பக்கத்துல "நான்காம் வகுப்பு"ன்னு இருந்தா எந்த வருஷத்து வகைப்பாடுன்னு பக்கத்துலயே எழுதிடுங்க. பணத்துக்குத்தான் மக்கள்தொகை முக்கியம். தேசிய வரியில உள்ளாட்சிகளுக்கு 40 சதவீதம், அதுல முனிசிபாலிட்டிகளுக்கு 34, பராங்காய்களுக்கு 20. முனிசிபாலிட்டிகளுக்குள்ள பிரிக்கும்போது பாதி மக்கள்தொகைப்படி, கால் பங்கு பரப்பளவுப்படி, கால் பங்கு எல்லாருக்கும் சமமா. சொந்த வரி வருமானம் குறைவா இருக்கிற சின்ன ஊருக்கு இதுதான் உயிர். கணக்கெடுப்புல விட்டுப்போன ஒவ்வொரு வீடும் நிதியில இடிக்கும்.

பாலக்கோடு_மாணவி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அப்போ நம்ம பக்கம் 2011 எண்தானே எடுக்கணும்?

ஊத்தங்கரை_புள்ளியியல்:
ஆமாம்மா, 2021-ல கணக்கெடுப்பு நடக்கலை. அதனால 2020-ஓட ஒப்பிடாம, பிலிப்பைன்ஸ் 2010-ஐ (மே 1) நம்ம 2011-ஓட (மார்ச் 1) வைங்க. பத்து மாசம்தான் வித்தியாசம். தருமபுரி மாவட்ட மொத்தம் 2011-ல 15,06,843. 2001-க்குப் போனா கவனம்: அப்போ அச்சான 28,56,300-ங்கிறது கிருஷ்ணகிரியும் சேர்ந்த பழைய மாவட்டத்துக்கு. 2004-ல பிரிஞ்ச எல்லைப்படி தருமபுரிக்கு மட்டும் 12,95,182. ஒன்றியத்துலயும் பாலக்கோடு பேரூராட்சியைச் சேர்த்துடாதீங்க. தாலுகா எண்ணுக்குள்ள அதுவும் இருக்கும், ஒன்றியத்துக்குள்ள வராது. ஊராட்சி வாரியா கூட்டிப் பார்த்தே எழுதுங்க.